கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது

வலக்கையில் ஓர் இலை, இடக்கையில் ஓர் இலை. கல்வராயன் மலையில் ஓடையை ஒட்டிய ஒரு நெல்வயலின் வரப்பில் குந்திக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி வெயில் பிடரியைச் சுட்டது. கால்விரல் இடுக்கில் சேறு சில்லென்றிருந்தது.

வயல் கோகிலாவுடையது. கல்லூரியில் மூன்று வருஷம் எனக்குப் பக்கத்து இருக்கை அவள். இருவரும் படித்தது தாவரவியல். பட்டம் வாங்கிய கையோடு நான் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அவளுடைய அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டதால், அவள் மலைக்கே திரும்பி நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். மேட்டில் சாமை. பள்ளத்தில், ஓடையோரம், இந்த ஒரு துண்டு நெல். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் வருஷத்து அரிசி இதுதான்.

"இன்னாடி கவிதா, எலையப் பாக்கிறியா, ஜாதகம் பாக்கிறியா?" என்றாள்.

இலைகளை இன்னும் கிட்டத்தில் பிடித்தேன். வலக்கை இலை ஒல்லியாக, நீளமாக, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. விளிம்பில் பல் உண்டா என்று தேடித்தான் பார்க்கவேண்டும். அது மஞ்சள் கரிசலாங்கண்ணி, சுருக்கமாக மஞ்சள் கரிசாலை. அந்த வரப்பில் ஒரு கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு எப்போதும் படர்ந்து கிடப்பது. இடக்கை இலை தடித்து, எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தது. நடுவில் ஒரு முனை, பக்கத்துக்கொன்றாகத் தோள்போல இன்னும் இரண்டு முனை.

அந்த மூன்று முனை இலையை எனக்கு மிக நன்றாகத் தெரியும். கீழே வடக்கனந்தலில், எங்கள் வாய்க்கால் கரை நெடுக அதைப் பிள்ளைபோல வளர்த்துவைத்திருந்தவள் நான்தான்.

"இது இங்க எப்படி வந்துச்சு?"

எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிற கோகிலா, ஓடையைப் பார்த்தாள். "அது பாட்டுக்கு வந்துச்சு."

ஒரு செடி அது பாட்டுக்குக் கீழே கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி மேலே வெள்ளிமலையில் இறங்காது.

அவசரக்காரி ஒருத்தி

இந்தப் பத்திரிகையில் எருக்குழியைப் பற்றி நான் எழுதிய வாரம், என் பொறுமையைப் பாராட்டி இரண்டு பேர் கடிதம் போட்டிருந்தார்கள். அவர்கள் இந்த வாரப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டால் எனக்கு நல்லது.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் கோகிலா வீட்டில் ஒருநாள் சாப்பிட்டேன். சாமைச் சோறு. பாசிப்பருப்போடு வேகவைத்துத் தாளித்த ஒரு கீரை. முதல் வாயில் இலேசாகக் கசந்து, மூன்றாம் வாயில் அந்தக் கசப்புக்காகவே கை தட்டுக்குப் போனது. என்ன கீரை என்று கேட்டேன். வரப்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். தரையோடு தரையாகக் கொடி. ஒல்லியான காம்பின் உச்சியில் ஒற்றை மஞ்சள் பூ, சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரியது. சூரியகாந்தியைக் குட்டையாக்கி, ஈரத்தில் படுக்கப்போட்ட மாதிரி.

அந்தக் கீரைமேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. எங்கள் வாய்க்கால் கரையில், தென்னை நிழலில், எப்போதும் நசநசவென்று ஈரமாக ஒரு நீளத்துண்டு இடம் கிடக்கிறது. மரவள்ளி அங்கே அழுகிவிடும். கரும்புக்கு வெயில் போதாது. அப்பா அதை இடமாகவே கணக்கில் எடுப்பதில்லை. மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கோ அது சொர்க்கம்.

கோகிலாவிடம் நாலு கொடி கேட்டிருக்கலாம். ஆனால் மலைக்குப் போகும் பஸ் அரை நாளைத் தின்றுவிடும். கள்ளக்குறிச்சியில் நான் பஸ் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சாலையோரம் ஒரு நர்சரி இருந்தது. அதன் வாசலில் கறுப்புப் பைகளில் தரையோடு படர்ந்து, மஞ்சளாகப் பூத்து, ஒரு செடி.

"இது மஞ்சள் கரிசாலைதானே?" என்று கேட்டேன்.

"ஆமாமா" என்றார் நர்சரிக்காரர்.

அவர்மேல் குற்றமில்லை. செம்பருத்தியைக் காட்டி இது தாமரைதானே என்று கேட்டிருந்தாலும் அந்த ஆள் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் விற்றது, புல்தரைக்குப் பதிலாகப் பங்களாக்களில் பரப்புகிற, வேறு கண்டத்திலிருந்து வந்த அழகுச்செடி. அதே குடும்பம், அதே மஞ்சள், அதே படர்ச்சி. ஆனால் கீரை அல்ல. கேள்வியிலேயே விடையை வைத்துக் கேட்டவள் நான். மூன்று வருஷம் இலை வடிவங்களைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள்.

மாடு சொன்னது

அது வளர்ந்த வேகத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தை மாதத்தில் ஆறு பை கொண்டுவந்து நட்டேன். பங்குனியில் தென்னையின் காலைச் சுற்றிக்கொண்டது. நான் அதை என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

சமைத்தும் பார்த்தோம். அம்மா பருப்பு போட்டாள், பூண்டு தட்டிப் போட்டாள், கடைசியில் ஒரு துண்டு வெல்லமும் போட்டாள். இலை கடைசிவரை செருப்பு வார்போல மென்றுகொண்டே இருக்கும்படி இருந்தது. யாரும் இரண்டாம் வாய் எடுக்கவில்லை. எடுக்காததே நல்லது. அந்தச் செடி தின்பதற்கானது அல்ல என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் சொன்ன விளக்கம்: "மண்ணுல சத்து ஜாஸ்தி, அதான்."

அப்பா தட்டை நகர்த்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாடே மூக்கச் சுளிச்சிக்கினு தாண்டிப் போவுது. நீ இன்னாத்துக்குமா அத ஆக்கற?"

மாட்டுக்குத் தாவரவியல் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை அப்பா இன்றுவரை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், மாட்டைக் காட்டி, "இது எங்க ஊட்ல ரெண்டாவது பட்டதாரி" என்கிறார்.

எங்கள் தெருவின் சட்டம்

மலைமேல் நின்றுகொண்டிருந்த கோகிலாவிடம் திரும்பும் முன், ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். என் ஆத்திரத்தில் பாதி அதன்மேல்தான்.

எங்கள் பக்கத்தில் செடியைக் கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது. திருடி நடவேண்டும். பூச்செடியாக இருந்தாலும் சரி, கறிவேப்பிலைக் கன்றாக இருந்தாலும் சரி, போகிறபோக்கில் ஒரு கணு கிள்ளி முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். நன்றி சொல்லக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று நட்ட பிறகும் சொல்லக் கூடாது. செடிக்காரர் பார்த்துவிட்டால், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியது செடிக்காரர்தான். வேறெதையும் தொடாத மனிதர்கள், தெருவில் கிடந்த நகையைக்கூட வீடு வீடாகக் காட்டித் திருப்பிக் கொடுப்பவர்கள், செடி விஷயத்தில் இப்படி.

இதை நான் மூடத்தனம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாகவே எடுத்திருக்கிறேன். கணுவில் வேர் முளைக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் திருட்டும் தெரியாது, தானமும் தெரியாது.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், பெருந்தன்மையாக எல்லோருக்கும் கொடுக்க முன்வந்தேன். மஞ்சள் கரிசாலை, உடம்புக்கு நல்லது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தெருவெல்லாம் சொன்னேன். ஒருத்தரும் வரவில்லை. எதிர்வீட்டுப் பத்மா அக்கா, "வோணாம்மா, எங்க ஊட்ல எடம் கம்மி" என்றாள். நான் சோர்ந்துபோனேன். ஆனால் வாய்க்கால் ஓரத்துக் கொடிகளின் நுனிகள் மட்டும் மொட்டை மொட்டையாக இருந்தன. ஆடு கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த சித்திரையில் கோகிலா எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள். கிளம்பும்போது அவளுக்கும் ஒரு கட்டு நீட்டினேன். "எங்கிட்டதான் இருக்குதே" என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது புரட்டாசியில், அவள் வயல் வரப்பில் நான் குந்தியிருக்கிறேன். எங்கள் கரையில் இருப்பது ஏதோ சரியில்லை என்று கடைசியில் எனக்கே உறைத்து, இனி அவளிடமே கேட்டு அசலில் நாலு கொடி வாங்கலாம் என்று ஏறிவந்திருக்கிறேன்.

கைப்பைக்குள் இருந்தது

"கோகிலா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"ஒரே ஒரு கணுதாண்டி." அவள் குரல் சேற்றில் இறங்கியதுபோல இறங்கியது. "பைல போட்டுக்கினு வந்தேன்."

"உங்கிட்டதான் அசலே இருக்குதே. அப்புறம் எதுக்கு?"

"நீ எது கொண்டாந்தாலும் புதுசா, ஹைபிரிட்டா கொண்டாருவ. இதுவும் அப்டிதான், எல பெருசா விடற ரகம்னு நெனச்சேன்."

"எல வேற மாதிரி இருக்குதேன்னு தோணலியா?"

"தோணிச்சு. நட்ட மறுவாரமே தோணிச்சு."

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "திருடிக்கினு வந்தத எப்படிடி கேக்கறது?"

தலையில் அடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. இரண்டு கையிலும் இலை. ஒரு பட்டதாரி பார்க்காமல் வாங்கினாள். இன்னொரு பட்டதாரி பார்த்தும் கேட்காமல் இருந்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சித்திரையிலேயே எனக்கு விளங்கியிருக்கும். அந்த ஒரு வார்த்தையைத்தான் வழக்கம் வாயிலேயே வைத்து அடைத்துவிட்டது.

அவள் நட்ட ஒற்றைக் கணு ஐந்து மாதத்தில் பாதி வரப்பை மூடியிருந்தது. அசல் இருந்த கட்டில் அகலத்தில் ஒரு முறம் அகலம்தான் மிச்சம். ஒரு பக்கம் கொடி வயலுக்குள் இறங்கி, நெல் தூர்களுக்கிடையில் நுழைந்துகொண்டிருந்தது. மறுபக்கம் ஓடையை நோக்கித் தொங்கியது. ஓடை இறங்கும் வழியில் இன்னும் நாலைந்து பேருடைய வயல் இருக்கிறது.

வரப்பா, ஓடையா

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

உடனே பிடுங்க வேண்டும் என்றேன் நான். ஐப்பசி மழை வந்தால் ஒவ்வொரு துண்டும் தண்ணீரோடு போய்க் கீழ்வயல்களில் இறங்கும். ஒரு கணு போதும், பார்த்துக்கொண்டே இருக்கிறோமே.

அறுப்பு முடியட்டும் என்றாள் கோகிலா. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தச் சாதிக் கொடிகள் கணுவுக்குக் கணு வேர்விட்டு, தையல் போட்டதுபோல மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த வரப்பு இத்தனை வருஷம் நின்றதே அசல் கரிசாலை போட்ட தையலில்தான். இப்போது பாதித் தையல் போலியுடையது. மழைக்கு முன்னால் அதைப் பிரித்தால் வரப்பு சரியும். சரிந்தால் பால் பிடிக்கிற நெல்லோடு சேர்ந்து சரியும்.

"எனக்கு வருசத்து அரிசிடி அது. உனக்குப் பத்திரிகைல எழுத ஒரு கத."

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நான் விடவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி, தெரியாததையும் தெரிந்தமாதிரி சொல்லி, அசல் மழைக்குள் அந்த இடத்தைப் பிடித்துவிடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, அவளைச் சம்மதிக்கவைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு போட்டேன்.

மூன்று நாளும் குந்தியபடியேதான் வேலை. இரண்டு கொடியும் ஒன்றுக்குள் ஒன்று ஜடை பின்னியிருந்தன. ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்து, சொரசொரப்பா பளபளப்பா என்று தீர்மானித்து, போலியின் கொடியைக் கணு கணுவாகத் தூக்கி, வேரை விரலால் தோண்டி எடுத்தோம். மண்வெட்டி போட்டால் வரப்பே போய்விடும். இழுத்தால் கணு அறுந்து உள்ளேயே நின்றுவிடும். நகத்தில் ஏறிய சேறு ஒரு வாரம் போகவில்லை. பிடுங்கியதை எருக்குழியில் போடலாமா என்று கேட்டாள். அங்கே அது இன்னும் ஆனந்தமாக வளரும் என்று சொல்லி, பாறைமேல் பரப்பிக் காயப்போட்டோம். பிடித்தால் அப்பளம்போல நொறுங்கும்வரை கிடக்கவேண்டும்.

கோகிலா அந்த மூன்று நாளும் என்னோடு பேசியது மொத்தமாக ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். பெரும்பாலும், "கால எடு."

கிளம்பும் மத்தியானம் அவளிடம் கேட்டேன். "அசல்ல ஒரு ரெண்டு கொடி தரியா?"

"கேட்டா தரமாட்டேன்" என்றாள். பிறகு, "நான் கை கழுவிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு, ஓடைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கை கழுவினாள். ஒரு ஆள் குளித்துத் துணி துவைத்துக் காயப்போட்டு வருகிற நேரம் கை கழுவினாள்.

பாடம் நடத்திய என் வாயை நினைத்துக்கொண்டே, இரண்டு கொடியைக் கிள்ளித் துப்பட்டாவில் முடிந்தேன்.

சொல்லச் சொல்லிக் கேட்பவர்களுக்கு

கதையாக அளக்கிறாயே, எப்படி வளர்ப்பது என்று ஒருவரி எழுதக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதுகிறேன்.

நாலு கணு உள்ள கொடித்துண்டு போதும். குச்சிபோல நட்டுவைக்காதீர்கள், படுக்கவையுங்கள். நடு இரண்டு கணுமேல் விரல் கனம் மண், நுனி வெளியே. காலை வெயில், மற்ற நேரம் நிழல். தண்ணீர் இரண்டு நாள் தேங்கினாலும் பொறுத்துக்கொள்ளும், ஒருநாள் காய்ந்தால் கோபித்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவுக்கடியில் வெள்ளை வேர் தெரியும். மட்கிய சாணம் ஒரு கை போதும். அள்ளிப் போட்டால் இலை பெருத்து ருசி போய்விடும். பறிக்கும்போது வேரோடு இழுக்காமல் நுனியில் நாலு விரல் கிள்ளினால், கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும். வெள்ளைப் பூப் பூக்கிற கரிசலாங்கண்ணி நிமிர்ந்து வளரும், அது வேறு. இலையில் மூன்று முனை இருந்தால் அது இன்னும் வேறு. அதைச் சமைக்காதீர்கள், வாய்க்கால் பக்கம் விடாதீர்கள். நர்சரியில் கேட்கும்போது "இது என்ன செடி?" என்று கேளுங்கள். இந்த வரி எனக்கு ஆறு பைச் செடியும், ஒரு தோழியின் மூன்று நாள் மௌனமும் விலையாகக் கொடுத்துக் கிடைத்தது.

பதினோரு டப்பாக்கள்

வீட்டுக்கு வந்ததும் எங்கள் கரையைச் சுத்தம் செய்தேன். அப்பா வரப்பில் நின்று பார்த்தார். உதவிக்கு மாட்டைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

அப்புறம்தான் தெருவைப் பார்த்தேன். பார்க்கிற கண்ணோடு பார்த்தால், பெயிண்ட் டப்பா, உடைந்த பிளாஸ்டிக் குடம், எண்ணெய் டின் என்று பதினோரு வீட்டு மதில்மேல் மூன்று முனை இலை பளபளத்துக்கொண்டிருந்தது. கடித்தது ஆடு அல்ல.

வீடு வீடாகப் போனேன். என்னிடமிருந்து எடுத்திருந்தால் பரவாயில்லை, தயவுசெய்து பிடுங்கிப்போடுங்கள், அது கீரையே இல்லை என்று கெஞ்சினேன். ஒருவரும் எடுக்கவில்லையாம். ஒரு வீட்டில் அது காற்றில் வந்ததாம். இன்னொரு வீட்டில் மகளின் மாமியார் ஊரிலிருந்து வந்ததாம். பத்மா அக்காவிடம்தான் எனக்குப் பொறுமை போயிற்று. டப்பாவைக் கையால் காட்டியே கேட்டேன்.

"நான் எதுக்குமா உன் செடியத் தொடப்போறேன்?" என்றாள். "எங்க ஊட்ல எடமே கெடயாது." சொல்லும்போது அவள் முழங்கை அந்த டப்பாவின்மேல்தான் இருந்தது.

ஒப்புக்கொண்டால் செடி பட்டுப்போகும் என்கிற பயம். நான் எவ்வளவு கெஞ்சினேனோ அவ்வளவு உறுதியாக, அது வாழவேண்டிய செடி என்று தீர்மானித்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. மலையிலிருந்து கொண்டுவந்த இரண்டு கொடியையும் துண்டு போட்டு ஒரு அகலத் தொட்டியில் படுக்கவைத்து, வேர் பிடித்துத் தளிர் ஓடியதும், தெருப் பார்த்த மதில்மேல் வைத்தேன். தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, சத்தமாகச் சொன்னேன். இதுதான் மலையிலிருந்து வந்த அசல். மற்றதெல்லாம் குப்பை. கொஞ்சம்தான் இருக்கிறது. யாரும் இதன்மேல் கை வைக்கக் கூடாது.

மறுநாள் காலை ஒரு நுனி இல்லை. அதற்கடுத்த நாள் மூன்று. அந்த வாரக் கடைசியில் பதினோரு டப்பாக்களில் முதல் நாலில் பழைய செடி பிடுங்கப்பட்டு, ஈர மண்ணில் ஒல்லி இலை ஒன்று எட்டிப் பார்த்தது. வெற்றி என்று துள்ளினேன். பிடுங்கியதை வெயிலில் காயப்போடும்படி குழாயடியில் இன்னொரு முறை கத்தினேன்.

ஆனால் எங்கள் ஜனங்களுக்கு அளவு தெரியாது. ஐப்பசி பிறக்கும்போது பதினோரு டப்பாவிலும் ஒல்லி இலை, என் தொட்டியில் மண் மட்டும் இருந்தது. தாய்க்கொடியையும் விட்டுவைக்கவில்லை.

சிக்னல் கிடைத்த நாள்

ஐப்பசி நடுவில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. மலை மேகத்துக்குள் போய்விட்டது. கோகிலாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்பதையே நாலு நாளும் சொன்னது. வகுப்பில் வேரின் பணிகள் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது.

ஐந்தாம் நாள் காலை அவளே கூப்பிட்டாள். குரலுக்குப் பின்னால் ஓடை இரைந்தது.

"வரப்பு?" என்றேன்.

"நிக்குது." கொஞ்சம் மூச்சு விட்டாள். "அசலு இருந்த பக்கம் ஆடல. நாம பிடுங்கன பக்கம் ரெண்டு முழம் சரிஞ்சிச்சு. ஒரு கை நெல்லு போச்சு. கல்லு அண்ட குடுத்து மண்ணு போட்டு வெச்சிருக்கேன்."

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அத்த விடு. கீழ் வயல்ல ஒரு எல கூட மொளைக்கல, நானே போய்ப் பாத்துக்கினு வந்தேன். நீ சொன்னது சரிதான், நான் சொன்னதும் சரிதான். இப்ப இன்னான்னா, அடுத்த மழைக்குள்ள அந்த ரெண்டு முழத்துக்குத் தையல் போடணும். இங்க மிச்சம் இருக்கற அசல அறுத்தா அந்தப் பக்கமும் தளந்துரும். உன் தொட்டியில நல்லாத்தான ஓடியிருக்கும்? ஒரு இருவது கொடி கொண்டாரியா?"

மதில்மேல் இருந்த தொட்டியைப் பார்த்தேன். மழை அடித்த மண்ணில் ஒரு காக்கை நடந்த தடம் இருந்தது.

"கொண்டாரேன்" என்றேன்.

கேட்டால் யாரிடமும் இருக்காது. அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். காற்றில் வந்ததாக இருக்கும், மாமியார் கொடுத்ததாக இருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கோலம் போடுகிற நேரத்தில், மலைக்குப் போகிற முதல் பஸ்ஸுக்கு முன்னால், தோளில் துணிப்பையோடு தெருவில் இறங்கினேன். தாவரவியல் பட்டதாரி, ஆசிரியை. முதல் வீட்டு எண்ணெய் டின்னில் இரண்டு. அடுத்த வீட்டு உடைந்த குடத்தில் இரண்டு. பூசணிக்கொடி போட்ட மதிலில் மூன்று. மழையில் குளித்த இலைகள் விரலில் சொரசொரத்தன. எல்லாம் ஒல்லி இலை. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத்தான் கிள்ளினேன், பழைய பாடம். நாய் ஒன்று குரைக்க நினைத்து, என்னை அடையாளம் கண்டுகொண்டு, படுத்துக்கொண்டது.

பத்தொன்பது சேர்ந்தது. கடைசி ஒன்றுக்குப் பத்மா அக்கா வீட்டு மதிலுக்கு வந்தேன். பெயிண்ட் டப்பா நிரம்பி வழிந்து, ஒரு கொடி மதிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் அன்றைக்குத்தான் மலர்ந்த ஒற்றை மஞ்சள் பூ. கொடியை இரண்டு விரலில் பிடித்துக் கணுவைத் தேடிக்கொண்டிருந்தபோது, கதவு திறந்தது.

பத்மா அக்கா கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். தோளில் புடைத்திருந்த பையைப் பார்த்தாள்.

பிறகு, தெளித்த வாசலும் போடாத கோலமும் அப்படியே கிடக்க, மாவுக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, கை கழுவத் தோட்டத்துப் பக்கம் போனாள்.